பாலாற்று வெள்ளம் கடலுக்குப் போய் என்ன ஆனது? 2021 நவம்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை. கார்த்திகை தீபம். வேலூரையும் காட்பாடியையும் இணைக்கும் பாலாற்றுப் பாலத்தில் காலையிலிருந்தே கூட்டம். போலீஸ் விரட்ட விரட்ட ஜனங்கள் திரும்பி வந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய சீமைக்கருவேல மரங்களும் தென்னை மட்டைகளும் சுழன்று சுழன்று பாலத்துத் தூணில் முட்டி நின்று, மறுபடி பிய்த்துக்கொண்டு ஓடின. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி ஆற்றைக் கையெடுத்துக் கும்பிட்டார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

எங்கள் தலைமுறைக்குப் பாலாறு என்றால் மணல்தான். கிரிக்கெட் ஆடியது அங்கே, மாட்டுப் பொங்கலுக்கு மாடு ஓட்டியது அங்கே. ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டு வந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மணலுக்கு மேலே இத்தனை தண்ணீரைப் பார்ப்பது வேறு விஷயம்.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். என்னோடு நின்ற இரண்டாம் ஆண்டு மாணவன், “சார், இவ்ளோ தண்ணியும் வீணா கடலுக்குப் போகுதே” என்றான். எல்லோரும் சொல்வதுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: “கடலுக்குப் போய் என்ன சார் ஆகும்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆறு கடலில் கலந்தது என்றால் கதை முடிந்தது என்றே நானும் நினைத்திருந்தேன். அவன் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு தண்ணீர்

வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே அந்த மாதம் முழுக்க மழை. ஏரிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரத்தில் இதுவும் சேர்ந்தது. பாலாறு, பொன்னையாறு, கவுண்டன்யா நதி எல்லாம் ஒன்றாகப் பெருகின. வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. வாணியம்பாடியைச் சூறையாடிய 1903 நவம்பர் வெள்ளத்தோடு இதை ஒப்பிட்டுப் பேசினார்கள். அதே 19ஆம் தேதி பேரணாம்பட்டில் மழையில் நனைந்த சுவர் இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். வெள்ளம் கடலுக்கு என்ன செய்தது என்று எழுத உட்காரும்போது, அது மேலே என்ன செய்துவிட்டுப் போனது என்பதை மறந்துவிட்டு எழுத முடியாது.

ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்கப் போனால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதாவது ஒரே நாளில் இரண்டு செம்பரம்பாக்கத்துக்கு மேல். கன மீட்டரில் சொன்னால் சுமார் 24.5 கோடி. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் சேர்வதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கடலுக்குப் போனது இதைவிட அதிகம்.

வேலூர் கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. முகத்துவாரம் சுமார் 130 கிலோமீட்டர் கிழக்கே, கல்பாக்கத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் தெற்கே, வாயலூர் பக்கம். நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் போகும் வெள்ளம் பதினெட்டு மணி நேரத்தில் அங்கே போய்விடும். பாட்டி போட்ட மஞ்சள், தீபம் ஏற்றிய மறுநாள் கடலைப் பார்த்திருக்கும்.

வெள்ளத்துக்கு முன் அந்த வாய்

நம் பக்கத்துக் கடலில் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, ரொம்பக் குறைவு. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். பௌர்ணமி, அமாவாசையில் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம். அஷ்டமி, நவமியில் அதில் பாதிகூட இருக்காது. கல்கத்தா பக்கம் ஹூக்ளியில் கடல்நீர் ஏறுவதை நகரத்தைத் தாண்டியும் உணர முடியும். பாலாற்றில் அப்படி இல்லை. ஆற்றின் சரிவு அதிகம், ஓதம் குறைவு. கடல் சில கிலோமீட்டர் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

ஒரு முகத்துவாரம் திறந்தே இருக்க வேண்டுமானால் யாராவது அதைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அலை கரையோரமாக மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயில் போடும். அதை வெளியே தள்ள இரண்டே பேர்: மேலேயிருந்து வரும் ஆறு, ஓதத்தில் உள்ளே வந்து வெளியே போகும் கடல்நீர்.

சின்னக் கணக்கு ஒன்று. முகத்துவாரத்துக்கு உள்ளே ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு இருக்கிறது, ஓதம் அரை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வந்து போகும் தண்ணீர் 5 லட்சம் கன மீட்டர். இறங்க ஆறு மணி நேரம். சராசரியாக நொடிக்கு 23 கன மீட்டர். இந்த 23 கன மீட்டரை வைத்துக்கொண்டு கடல் தள்ளும் மணலோடு போராட வேண்டும். மழைக்காலம் போனதும் இந்தப் போராட்டத்தில் மணல்தான் ஜெயிக்கும். வாய் மூடிவிடும். இந்தக் கரையின் சின்ன முகத்துவாரங்கள் பலவற்றுக்கும் வருடா வருடம் இதே கதைதான்.

வெள்ளத்தன்று வந்தது நொடிக்கு 2,800 கன மீட்டர். 23 எங்கே, 2,800 எங்கே! மணல் மேட்டின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் முதலில் வழியும். வழிந்த இடம் அரித்து வாய்க்காலாகும், வாய்க்கால் அகலும். பிறகு இரண்டு பக்க மணல் சுவரும் கட்டி கட்டியாகச் சரிந்து விழும். ஒரு வருடமாகக் கடல் கட்டிய மேட்டை ஆறு சில மணி நேரத்தில் கரைத்துவிடும். உள்ளே போன கடல்நீர் முழுசாக வெளியே தள்ளப்படும். உப்புநீர் நல்லதண்ணீரைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு கனம். அதனால் எப்போதும் அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து மேலேறப் பார்க்கும். மூன்று மீட்டர் ஆழத்தில் அப்படி நுழையும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.8 மீட்டர்தான். எதிரே இரண்டு மீட்டர் வேகத்தில் ஆறு வந்தால் உப்பு உள்ளே காலே வைக்க முடியாது. ஆற்றின் வேகம் எந்த நாளில் 0.8க்குக் கீழே இறங்குகிறதோ, அந்த நாளில் உப்பு மறுபடி அடியில் நுழையத் தொடங்கும்.

இதைக் காட்பாடியில் வீட்டிலேயே மீன் தொட்டியில் செய்து பார்த்தோம். ஒரு பக்கம் உப்புக் கரைத்த நீலத் தண்ணீர், மறுபக்கம் சாதாத் தண்ணீர், நடுவில் ஒரு அட்டை. அட்டையை உருவியதும் நீலம் தரையோடு தரையாக நாக்கு நீட்டிக்கொண்டு ஓடியது. சாதாத் தண்ணீர் அதன் மேலே எதிர்த்திசையில் போனது. இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு உடனே கலந்துவிடும் என்று நினைத்திருந்த மாணவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

இரண்டு பாட்டில்

வெள்ளத்தன்று பாலத்துக்குக் கீழே, கரையோரம் பாதுகாப்பான ஒரு இடத்தில் இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்தோம். நல்ல டீ நிறம். ஒன்றை அப்படியே வைத்தோம். இன்னொன்றில் கடலளவுக்கு, லிட்டருக்கு 35 கிராம், சமையல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தோம்.

பத்து நிமிடத்தில் உப்புப் போட்ட பாட்டிலில் வேறுபாடு தெரிந்தது. கலங்கல் திரிந்த பால் மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகளாகக் கூடியது. துணுக்குகள் மெதுவாக இறங்கின. ராத்திரி பார்த்தபோது அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சேறு, மேலே கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர். உப்புப் போடாத பாட்டிலில் மணல் மட்டும் அடியில் இறங்கியிருந்தது. தண்ணீர் அதே டீ நிறம். மூன்று நாள் கழித்தும் தெளியவில்லை.

காரணம் இதுதான். நுண்ணிய களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை மிதக்கும். உப்பில் இருக்கும் நேர்மின் அயனிகள் அந்தத் தள்ளலை அடக்கிவிடும். துகள்கள் ஒட்டிக்கொண்டு கனத்து இறங்கும். நம் வீடுகளில் ஆற்றுத் தண்ணீர்க் குடத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தெளிய வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலையைக் கடல் முகத்துவாரத்தில் உப்பை வைத்துச் செய்கிறது.

இதில் எங்கள் பகுதிக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பல பத்தாண்டுகள் பாலாற்றில் விழுந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த விஷயம் அது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் நுண்களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. களிமண் எங்கே இறங்குமோ அங்கே அதுவும் இறங்கும். நாங்கள் ‘வெள்ளம் வந்து ஆறு சுத்தமாச்சு’ என்று மூச்சு விட்டோம். அந்த அழுக்கு, உப்பு தொடங்கும் இடத்தில், இறால் குஞ்சுகள் வளரும் சேற்றில் போய்ப் படியும். கழிமுகத்துச் சேற்றை அள்ளிச் சோதிக்கும்போது அதை வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களின் கணக்கிலும் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

தெற்கே திரும்பிய தண்ணீர்

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஆறு, கனம் குறைவு என்பதால், கடலின் மேல் எண்ணெய் மாதிரிப் பரவும். இரண்டு மூன்று மீட்டர் கனத்துக்கு ஒரு செந்நீர்ப் படலம். அது நேராகக் கிழக்கே போகுமா, வடக்கே சென்னைப் பக்கம் போகுமா, தெற்கே புதுச்சேரிப் பக்கம் போகுமா?

பூமி சுழல்வதால் நம் அரைக்கோளத்தில் ஓடும் எதுவும் வலப்பக்கம் ஒதுங்கும். கடலைப் பார்த்து நின்றால் நமக்கு வலது தெற்கு. ஆனால் நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். வாயலூர் 12.5 டிகிரியில் இருக்கிறது. இங்கே சுழற்சியின் பிடி தளர்வு. தானாக ஓடும் தண்ணீர் ஒரு முழு வட்டம் திரும்ப ஏறத்தாழ 55 மணி நேரம் ஆகும். அதனால் இந்தப் பக்கத்தில் ஆற்று நீரின் திசையைக் காற்றும் நீரோட்டமும்தான் பெரிதும் முடிவு செய்கின்றன.

நீரோட்டம் எப்படி? இந்தியக் கிழக்குக் கரையோரமாக ஒரு பெரிய நீரோட்டம் வருடத்துக்கு இரண்டு முறை திசை மாற்றும். மாசி, பங்குனி, சித்திரையில் வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தெற்கே திரும்பும். 2021 நவம்பர் 19 நல்ல கார்த்திகை. எனவே தெற்கு.

காற்று? தாழ்வு மண்டலம் கரை கடக்கும் நாளில் காற்று நாலா பக்கமும் சுழலும். அது உள்ளே போய் வலுவிழந்ததும் வாடை மறுபடி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். அந்தக் காற்று கடலின் மேல்தண்ணீரைத் தனக்கு வலப்பக்கம், அதாவது கரைப் பக்கம், ஒதுக்கும். எனவே செந்நீர் ஆழ்கடலுக்குப் போகாமல் கரையோடு அணைந்து ஒரு நாடா மாதிரி தெற்கே நீளும். கோடையில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழ். மேல்தண்ணீர் கடலுக்குள் ஒதுங்கும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கரைக்கு ஏறி வரும். ஆனால் அப்போது பாலாற்றில் ஒரு சொட்டும் இருக்காது.

அந்த நாடா எவ்வளவு நீளம் இருந்திருக்கும்? ஒரு நாள் வெள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடல்நீர் கிலோவுக்கு 33 கிராம் உப்பு. அதில் ஆற்று நீர் கலந்து 30 கிராமாகக் குறைய வேண்டுமானால் பதினொன்றில் ஒரு பங்கு ஆற்று நீர் வேண்டும். 24.5 கோடி கன மீட்டர் பதினொரு மடங்கானால் சுமார் 270 கோடி கன மீட்டர். ஆழம் 10 மீட்டர் என்றால் பரப்பு 270 சதுர கிலோமீட்டர். அகலம் 5 கிலோமீட்டர் என்றால் நீளம் 54 கிலோமீட்டர். வாயலூரிலிருந்து கரையோரமாகத் தெற்கே 54 கிலோமீட்டர் போனால் மரக்காணத்தைத் தாண்டிப் புதுச்சேரியை நெருங்கிவிடலாம்.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. ஆம்பூரில் பெய்த மழை, குடியாத்தத்தில் பெய்த மழை, ஒரு நாளைக்குப் புதுச்சேரிக் கரையின் உப்பைக் குறைக்கப் போதுமானது.

ஆனால் அதே வகுப்பில் இன்னொரு கணக்கும் போட்டேன். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கன மீட்டர் தண்ணீரை வங்கக் கடலில் கொட்டுகின்றன. சராசரி நாளுக்கு 270 கோடிக்கு மேல். பாலாறு நூற்றாண்டு வெள்ளமாக வந்த அந்த ஒரு நாளைப்போல் பதினொரு மடங்கு, தினம் தினம். ஆடி, ஆவணியில் இன்னும் எத்தனையோ அதிகம். அந்தத் தண்ணீர் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா நீரோடு சேர்ந்து, தெற்கே போகும் அதே நீரோட்டத்தில் நம் கரைக்கு வருகிறது. நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் 1,600 கிலோமீட்டர் வர ஒன்றரை மாதம். ஆவணி, புரட்டாசியில் இமயத்தில் ஓடியது ஐப்பசி, கார்த்திகையில் மாமல்லபுரம் தாண்டும்.

அதனால் கார்த்திகையில் கல்பாக்கம் பக்கத்துக் கடல்நீர் உப்புக் குறைந்திருப்பதற்குப் பாலாறு மட்டும் காரணம் இல்லை. பெரும்பங்கு வடக்கிலிருந்து வந்தது. பாலாற்றின் பங்கு கரையோரத்தில் அந்தச் சில நாளுக்கு, அந்த நாடாவுக்கு உள்ளே. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் நம் ஆற்றுக்கு இல்லாத பெருமையைக் கொடுத்துவிடுவோம்.

வங்கக் கடலின் மேல் பரவிக் கிடக்கும் இந்த உப்புக் குறைந்த படலம் கீழே இருக்கும் கனத்த நீரோடு எளிதில் கலக்காது. வெயிலின் சூடு மேலேயே தங்கும். வங்கக் கடல் சூடாகவே இருப்பதற்கும் தாழ்வு மண்டலங்களுக்கு அங்கே தீனி கிடைப்பதற்கும் இது ஒரு காரணம். இமயத்துத் தண்ணீரின் மேல் பிறந்த மேகம் ஜவ்வாது மலையில் பெய்து, பாலாறாக அதே கடலுக்குத் திரும்புகிறது.

இதையெல்லாம் பார்க்க வழி இருக்கிறதா என்று மாணவர்கள் கேட்டார்கள். செயற்கைக்கோள் படத்தில் செந்நீர் நன்றாகத் தெரியும், மேகம் விலகினால். உப்பை அளக்கும் செயற்கைக்கோள்களும் உண்டு. ஆனால் அவை நாற்பது கிலோமீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்ப்பவை. ஐந்து கிலோமீட்டர் நாடா அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. அருமையான கருவி ஒன்று கரையிலேயே இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் ரேடார் நிறுவியிருக்கிறது. அது ரேடியோ அலையைக் கடல்மேல் அனுப்பும். அதன் அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கடல் அலைகள் அதைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்த அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து மேல்தண்ணீர் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிடுவார்கள். பாலாற்று நீர் தெற்கே போகும் வழி முழுக்க அந்த இரண்டு ரேடாருக்கும் நடுவில்தான் கிடக்கிறது!

ஓரடி உயர்ந்த கடல்

நம் கரையில் கடல் மட்டம் வருடம் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. பங்குனி, சித்திரையில் தாழ்ந்தும் ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்தும் இருக்கும். வித்தியாசம் ஓரடி அளவுக்கு. தெற்கே ஓடும் நீரோட்டம் வலப்பக்கம் ஒதுங்கிக் கரையில் தண்ணீரைக் குவிக்கிறது. உப்புக் குறைந்த தண்ணீர் கனம் குறைந்து கொஞ்சம் உப்பி நிற்கிறது. நம் ஆறுகள் பெருகும் அதே மாதத்தில் கடலும் உயர்ந்து நிற்கிறது.

நவம்பர் 19 அன்று பௌர்ணமி வேறு. சந்திர கிரகணமும் அன்றுதான். 580 வருடங்களில் மிக நீண்ட பகுதி கிரகணம் அது, நம் ஊரில் தெரியவில்லை. சூரியனும் பூமியும் சந்திரனும் அவ்வளவு நேர்கோட்டில் நின்றால் ஓதம் உச்சத்தில் இருக்க வேண்டும். ஒரு நல்ல காலம், சந்திரன் அப்போது பூமிக்கு மிகத் தொலைவான இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில், 21ஆம் தேதி, அந்த இடத்தைத் தொட்டது. அதனால் இழுப்பு கொஞ்சம் குறைவு.

இதனால் வேலூரில் ஒரு அங்குலம்கூட ஏறியிருக்காது, 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்வான ஊர்களுக்குத்தான் இது முக்கியம். கடல் ஏறும் ஆறு மணி நேரம் அவர்கள் ஊர்த் தண்ணீர் வடியாது, இறங்கும் நேரத்தில் வடியும். வெள்ள எச்சரிக்கை சொல்லும்போது ஆற்றில் எத்தனை கன அடி என்பதோடு வாயலூரில் கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்த மக்களுக்கு உபயோகமாக இருக்கும். பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரி முன்கூட்டியே கணக்கிடக்கூடிய நேரம்தான் அது.

மூடும் வாய்

2022 பொங்கல் விடுமுறையில் நான் முகத்துவாரத்துக்குப் போனேன். செங்கல்பட்டு இறங்கி, பஸ் மாறி, கடைசியில் நடந்து. வாய் அகலமாகத் திறந்திருந்தது. கடல் இறங்கும் நேரம். ஆற்று நீர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக வெளியே போனது, அலை அதற்கு எதிரே வந்து மடிந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுரையும் குச்சியும் இலையும் ஒரு கோடாகச் சேர்ந்திருந்தன. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

“வேலூரா? உங்க தண்ணிதான் தம்பி இது,” என்றார். “இத்தினி வருசத்துல முகம் இப்படித் தொறந்து நான் பாத்ததில்ல. முகம் தொறந்தாத்தான் எறா உள்ள ஏறும். மடவை மீனு வரும். மூடிக் கெடந்தா ஒண்ணும் இல்ல, தண்ணி நாறும்.”

அவர் சொன்னதில் உயிரியலும் சரியாக இருக்கிறது. நம் கரையின் வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்குள் நுழைந்து, உப்புக் குறைந்த நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். போக வர வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறப்பது மேலேயிருந்து வரும் வெள்ளம் ஒன்றுதான்.

நிலத்தடியிலும் ஒரு கணக்கு உண்டு. கடலோர மணலில் நல்லதண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்லதண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்பு ஏறாமல் தடுக்கும். ஒரு மீட்டர் குறைந்தால் 40 மீட்டர் போச்சு. வாயலூரில் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்டியது நிலத்தடி நீரைப் பெருக்கவும் உப்பைத் தடுக்கவும்தான். அது நியாயமான தேவை, அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு நல்லது. ஆனால் அணைக்கு மேலே ஓதம் போக முடியாது. ஓதம் ஏறி இறங்கும் பரப்பு சுருங்கும், முன்னே போட்ட 23 கன மீட்டர் கணக்கு இன்னும் குறையும், வாய் இன்னும் சீக்கிரம் மூடும். உப்பு உள்ளே வரக் கூடாது, இறால் மட்டும் வர வேண்டும் என்று கேட்டால் ஆறு என்ன செய்யும்? தடுப்பணை கட்டும்போது கிணற்றுக்காரர்களின் கணக்கோடு வலைக்காரர்களின் கணக்கையும் போட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மணலும் அப்படியே. வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் ஆற்றில் வெட்டிய மணல் குழிகளை வெள்ளம் முதலில் நிரப்பிவிட்டுத்தான் மேலே நகரும். கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டிய பருமணல் குழியில் விழுந்துவிடும். நம் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை தெற்கிலிருந்து வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் இதனால்தான். கார்த்திகையில் தெற்கே போகும் வேகம் சில மாதம்தான். மொத்தத்தில் மணல் வடக்கேதான் போகும். ஆறு புது மணல் கொடுக்காவிட்டால் அலை கரையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

மே மாதம் மாணவர்கள் நான்கு பேரோடு மறுபடி போனேன். தெற்குப் பக்கத்திலிருந்து மணல் ஒரு கை மாதிரி வடக்கே நீண்டு வாயைக் கிட்டத்தட்ட மூடியிருந்தது. ஒரு சின்ன வாய்க்கால் மட்டும் முழங்கால் ஆழத்தில் ஓடியது. இரண்டாம் ஆண்டு மாணவன், அன்று பாலத்தில் கேள்வி கேட்டவன், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதில் இறங்கி நடுவில் நின்றான். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு சார்” என்றான்.

பெரியவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாய் மூடப் போகிறதே என்றேன். மணலைப் பார்த்தார், பிறகு மேற்கே பார்த்தார்.

“உங்க ஊர்ல மழை இருக்கா தம்பி?” என்று கேட்டார்.